தாராவில தோண்டுறப்போ எலும்பு கெடச்சா யாருதுன்னு கண்டுபிடிக்க முடியுமா? (1993ல காணாம போன மாமா)

தொண்ணூறடி_ரோடு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி ஒரு மாதிரி இருக்கும், தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க மூணு தலைமுறையா மும்பை தாராவிலதான், சொந்த ஊரு நாங்குநேரி பக்கம். அம்மாவோட கூடப்பொறந்த தம்பி, எனக்கு மாமா, 1993 ஜனவரி கலவரத்தப்போ அந்தேரி பக்கம் வேலைக்குப் போனவரு திரும்பி வரவே இல்ல. அப்ப அவருக்கு 22 வயசு, கல்யாணம் ஆகல. தாத்தா சயான், கூப்பர், ஜேஜேன்னு ஒவ்வொரு மார்ச்சுவரியா ஏறி எறங்கிருக்காரு, எங்கயும் பாடி கெடைக்கல. போலீஸ்ல மிஸ்ஸிங் கம்ப்ளெய்ன்ட் குடுத்த காப்பி ட்ரங்கு பெட்டில இருக்குன்னு அம்மா சொல்றாங்க. தாத்தாவும் போய்ச் சேந்துட்டாரு.

இப்ப என்னன்னா எங்க லைனுக்குப் பின்னாடி நாலா (சாக்கடைக் கால்வாய்) ஓரமா ஜேசிபி வச்சுத் தோண்டுனப்ப கொஞ்சம் எலும்பு வந்துச்சு. போலீஸ் வந்து கோணில போட்டு எடுத்துட்டுப் போயிட்டாங்க. மாட்டெலும்புன்னு பாதிப் பேரு, இல்ல மனுஷ எலும்புதான்னு பாதிப் பேரு. நம்ம ஆளுங்களுக்கு வாய் சும்மா இருக்குமா, அது எப்படியோ ஆச்சி காதுக்குப் போயிடுச்சு. ஆச்சிக்கு எம்பதுக்கு மேல. அன்னைலேருந்து ஒரே கேள்விதான், "ஏல, இவனுவ தோண்டுறானுவளே, எதும் ஆம்புட்டா நம்மகிட்ட சொல்லுவானுவளா?"

மாமா காணாம போனது அந்தேரி பக்கம், எலும்பு வந்தது தாராவில, அது இது இல்லன்னு எனக்கும் தெரியும். ஆனா பொதுவா கேக்குறேன், முப்பது வருஷம் ஆன எலும்பை வச்சு ஆளு யாருன்னு சொல்ல முடியுமா? ஃபாரன்சிக்ல எலும்பை மட்டும் பாக்குறதுக்குன்னே ஆளு இருக்காங்களாமே, அவங்க என்ன பண்ணுவாங்க? எப்படி செத்தாருன்னு கூட சொல்லிருவாங்களா? வீட்டுல நாங்க ஏதாவது செஞ்சு வைக்கணுமா? யூட்யூப்ல பாத்தா எல்லாம் அமெரிக்கா கதையா இருக்கு, நம்ம ஊர்ல என்ன நெலமைன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.


சயான்_சர்க்கிள்_பெருசு எழுதியது:

தம்பி, 93ல நான் கோலிவாடாலதான் இருந்தேன், அந்த நாளெல்லாம் இப்ப நெனச்சாலும் ஈரக்குலை நடுங்கும். உங்க மாமா மாதிரி ஆளுங்க லிஸ்ட்டே ஒண்ணு இருக்கு, பல பேருக்குத் தெரியாது. 92 டிசம்பர், 93 ஜனவரி ரெண்டும் சேத்து செத்தவங்க 900 பேர், காணாம போனவங்க 168 பேர்ன்னு கவர்மென்ட் கணக்கு. அந்த 168ல 60 குடும்பத்துக்குத்தான் நஷ்டஈடு போயிருந்துச்சு, மீதி 108 பேரோட வாரிசைத் தேடிப் புடிச்சு வட்டியோட குடுங்கன்னு 2022 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிச்சு. உங்க மாமா பேரு அந்த லிஸ்ட்ல இருக்கான்னு மொதல்ல பாருங்க, கம்ப்ளெய்ன்ட் காப்பி இருக்குன்னா அது சாதாரண விஷயம் இல்ல.

மத்தபடி எலும்பு பத்தி எனக்கு நம்பிக்கை கம்மி. நம்ம போலீஸ் கோணில கட்டிக் கொண்டு போனது எந்த மூலைல கெடக்கோ. ஆச்சிக்கு ஆசை காட்டாதீங்க, அவ்வளவுதான் சொல்லுவேன்.


காலர்போன் எழுதியது:

தம்பி, நான் மும்பைல ஒரு ஆஸ்பத்திரி ஃபாரன்சிக் டிபார்ட்மென்ட்ல இருக்கேன், எம்.எஸ்சி. படிச்சது ஆந்த்ரோபாலஜி (மானுடவியல்). எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காதீங்க. நீளமா வரும், பொறுமையா படிங்க.

எங்க டேபிளுக்கு எலும்பு வந்தா மொத கேள்வி ஆளு யாருங்கிறது இல்ல, இது மனுஷனுதா இல்லையாங்கிறதுதான். அதுவும் தாராவி மண்ணுன்னா கேக்கவே வேண்டாம், தோல் ஷாப்பு அத்தனை இருந்த எடம், ஆடு மாடு எலும்பு வராம இருந்தாத்தான் அதிசயம். துண்டு எலும்பா வந்தா டாக்டருக்கே கூட சந்தேகம் வரும், அதனால மனுஷ எலும்புன்னும் மாட்டெலும்புன்னும் சண்டை போடுற உங்க ஏரியா ஆளுங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். இன்னொண்ணு, நாலா ஓரத்து மண்ணு பாதி எங்கேயோ இருந்து லாரில கொண்டுவந்து கொட்டுன ரப்பிஷ், எலும்பு இங்க கெடச்சதுன்னா ஆளு இங்கதான் செத்தாருன்னு அர்த்தம் இல்ல.

மனுஷன்னு முடிவாச்சுன்னா அடுத்தது எத்தனை பேரு. ஒரே பக்கத்துத் தொடை எலும்பு ரெண்டு இருந்தா கொறஞ்சது ரெண்டு ஆளு. அப்புறம் ஆணா பொண்ணா, அதுக்கு இடுப்பு எலும்புதான் ராஜா, அது முழுசா கெடச்சா பெரும்பாலும் சரியா சொல்லிரலாம், மண்டை ஓடு அதுக்கு அடுத்தபடிதான். உயரம் தொடை எலும்பு நீளத்தை வச்சு. இதுல ஒரு வில்லங்கம், உலகம் பூரா யூஸ் பண்ற பழைய ஃபார்முலா பலதும் ரெண்டாம் உலகப்போர்ல செத்த அமெரிக்க சிப்பாய்ங்களை அளந்து போட்டது, அதை நாங்குநேரி ஆளுக்கு அப்படியே போட்டா தப்பா வரும், நம்ம ஊர் ஆளுங்களை அளந்து போட்டதைத்தான் எடுக்கணும்.

வயசுதான் எனக்குப் புடிச்ச பார்ட், என் பேரே அதுலேருந்து வந்ததுதான். சின்ன வயசுல எலும்பு முனையெல்லாம் தனித்தனி துண்டா இருக்கும், வளர வளர ஒண்ணொண்ணா ஒட்டும், எது எப்ப ஒட்டும்னு ஓரளவு கணக்கு இருக்கு. கடைசியா ஒட்டுறது காலர் எலும்போட உள்முனை, கழுத்துக் குழிக்குப் பக்கத்துல தொட்டுப் பாத்தா முட்டா தெரியுமே அந்த எடம். அது இருபதுகளோட கடைசி வரைக்கும் இழுக்கும். உங்க மாமாவுக்கு 22னா கை கால் எலும்பெல்லாம் ஒட்டி முடிஞ்சு, காலர் எலும்பு மட்டும் பாதி ஒட்டுன நெலமைல இருந்திருக்கும். அப்படி ஒரு எலும்புக்கூடு வந்தா பதினெட்டுக்கு மேல முப்பதுக்குக் கீழன்னு தைரியமா எழுதுவேன். அதுவே நாப்பது அம்பது வயசு ஆளுன்னா பத்து வருஷம் முன்ன பின்னன்னுதான் எழுத முடியும். டிவில கரெக்டா 43 வயசுன்னு சொல்றானே, அவன் சொல்லட்டும், நான் சொல்ல மாட்டேன்.

எப்படி செத்தாருன்னு கேட்டீங்க. எலும்புல பட்ட காயம்னா தெரியும், சதையோட போனது தெரியாது. கத்தி விலாவுக்கு நடுவுல எலும்பைத் தொடாம போயிருந்தா எலும்புல ஒரு கீறல் கூட இருக்காது. தெரியுற காயத்துல முக்கியமானது அது எப்ப ஆச்சுங்கிறது. உயிரோட இருக்குறப்ப ஒடஞ்சு ஆறுனதுன்னா ஓரம் மழுங்கிப் புது எலும்பு கட்டியிருக்கும். சாகுறப்ப ஒடஞ்சதுன்னா எலும்பு பச்சையா இருக்கும், சாய்வா சிலும்பாப் பொளக்கும். ஜேசிபி பல்லு பட்டு இப்ப ஒடஞ்சதுன்னா உள்ள வெள்ளையா இருக்கும், வெளில மண்ணு கலரு, பாத்ததும் வித்தியாசம் தெரியும். துப்பாக்கிக் குண்டுன்னா மண்டை ஓட்டுல உள்ள போன பக்கம் ஓட்டையோட உள்வாய் அகலமா இருக்கும், வெளில வந்த பக்கம் வெளிவாய் அகலமா இருக்கும், முன்னாடிலேருந்து சுட்டதா பின்னாடிலேருந்தான்னு அதை வச்சே சொல்லிரலாம். தலையில அடி விழுறப்ப ஆளு கைய தூக்கித் தடுப்பாருல்ல, அப்ப முன்கை எலும்பு நடுவுல ஒடையும், அந்த மாதிரி ஒடைசல் பாத்தா நான் ரெண்டு தடவை யோசிப்பேன்.

இவ்வளவும் சொல்லிட்டேன்ல, இதுல எங்கயாச்சும் பேரு வந்துச்சா? வராது. ஆம்பள, இருபது சொச்சம், அஞ்சரை அடி, தலையில அடி, இதோட என் ரிப்போர்ட் முடிஞ்சிடும். இந்தக் கணக்குக்கு இந்த ஊர்ல ஆயிரம் பேரு வருவாங்க. பேரு வரணும்னா இன்னொரு பக்கத்துலேருந்து, அதாவது உங்க வீட்டுலேருந்து ஒண்ணு வரணும். பல்லு, பழைய எக்ஸ்ரே, ஃபோட்டோ, ரத்தம், என்ன வேணா இருக்கலாம். எலும்பு பேசும் பேசும்ன்னு பேப்பர்காரங்க எழுதுறாங்க, எங்க அலமாரில பெட்டி பெட்டியா எலும்பு வாயைத் தொறக்காம வருஷக்கணக்கா இருக்கு, தேடி ஆளு வராததால.


செம்பூர்_சேட்டை எழுதியது:

அக்கா ஒரு டவுட்டு, மண்டை ஓட்டைக் கம்ப்யூட்டர்ல போட்டா முகம் வந்துருமே, சூப்பர் இம்போசிஷன்னு ஊர்ல பேப்பர்ல அடிக்கடி வருமே, அதைப் போட்டா முடிஞ்சுது வேலை, எதுக்கு ரத்தம் கித்தம் எல்லாம்?


காலர்போன் எழுதியது:

சேட்டை, நீ ரெண்டு விஷயத்தை ஒண்ணாக் கலக்குற. மண்டை ஓட்டு மேல களிமண்ணோ கம்ப்யூட்டரோ வச்சு முகம் உருவாக்குறது வேற, அது ஒரு குத்துமதிப்பு, மூக்கு நுனியும் உதடும் காதும் எலும்புல கிடையாது பாரு. அதைப் பேப்பர்ல போட்டா யாராச்சும் "எங்க வீட்டுப் பையன் மாதிரி இருக்கே"ன்னு வர வாய்ப்பு, அதுக்குத்தான் அது. சூப்பர் இம்போசிஷன்ங்கிறது ஏற்கனவே ஒரு ஆளு மேல சந்தேகம் இருக்குறப்ப அவரோட ஃபோட்டோவையும் மண்டை ஓட்டையும் ஒரே சைஸ் ஒரே கோணத்துல கொண்டுவந்து ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பாக்குறது. 1935ல இங்கிலாந்துல ரக்ஸ்டன்னு ஒரு டாக்டர் பொண்டாட்டியையும் வீட்டு வேலைக்காரப் பொண்ணையும் வெட்டிப் போட்ட கேஸ்லதான் இது பேர் வாங்குச்சு, 1985ல பிரேசில்ல தோண்டுன நாஜி டாக்டர் மெங்கலே மண்டை ஓட்டுக்கும் இதைப் பண்ணாங்க, அப்பவும் 1992ல டிஎன்ஏ வந்த பிறகுதான் வாய மூடுனாங்க எல்லாரும். பொருந்தலன்னா இவரு அவரு இல்லன்னு அடிச்சு சொல்லலாம், பொருந்துச்சுன்னா இருக்கலாம்ன்னுதான் சொல்லணும். அங்கயும் ஃபோட்டோ வீட்டுலேருந்துதான் வரணும், மறுபடியும் அதே கதைதான்.


வல்லிபுரத்தான் எழுதியது:

நான் யாழ்ப்பாணம் வடமராட்சி, இப்ப லண்டனில இருக்கிறன். இந்தத் திரியை வாசிச்சுக்கொண்டு வரேக்க ஒண்டு எழுதோணும் போல இருந்தது. எங்கட ஊரில இந்தக் கேள்வி வீட்டுக்கு வீடு இருக்கு தம்பி.

யாழ்ப்பாணத்துக்குக் கிட்ட இருக்கிற செம்மணியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பியள். 1998 இல கொலை வழக்கொண்டில தண்டனை விழுந்த ஆமிக்காரன் ஒருத்தன் கோர்ட்டில நிண்டு சொன்னவன், அந்த இடத்தில 300, 400 பேரைத் தாட்டிருக்கு எண்டு. 1999 இல கிண்டி 15 பேற்ற எலும்பு எடுத்தவை, அதோட நிண்டு போச்சுது. பிறகு 2025 பெப்ரவரியில செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில தகன மேடைக்கு மண் வெட்டேக்க திரும்ப எலும்பு வந்தது. கோர்ட் மேற்பார்வையில தோண்டத் தொடங்கினாப் பிறகு இருநூறு எலும்புக்கூட்டுக்கு மேல போட்டுது. சின்னப் பிள்ளையளின்ரையும் கிடக்கு. ஒரு நீலப் பள்ளிக்கூடப் பை, பிள்ளை விளையாடுற பொம்மை, பால் போத்தல். அந்த ஆகஸ்டில எடுத்த உடுப்பு, செருப்பு எல்லாத்தையும் சனத்துக்குப் பார்க்க வைச்சவை, ஆராவது அடையாளம் காட்டுவினமோ எண்டு. இருபத்தஞ்சு முப்பது வருசத்துக்குப் பிறகு தன்ர பிள்ளை என்ன நிறச் சேட்டுப் போட்டுக்கொண்டு போனது எண்டு தாய்மார் வந்து நிண்டு பாத்தவை.

ஆனா மன்னாரையும் சொல்லோணும், இல்லாட்டி ஞாயமில்லை. 2018 இல சதொச (அரசாங்கக் கடை) கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டின இடத்தில 300க்கு மேல எலும்புக்கூடு. நாங்கள் எல்லாரும் எங்கட ஆக்கள்தான் எண்டு இருந்தனாங்கள். ஆறு சாம்பிள் அமெரிக்காவுக்கு அனுப்பி 2019 மார்ச்சில மறுமொழி வந்தது, 1404 க்கும் 1635 க்கும் இடைப்பட்ட காலம் எண்டு. கனபேர் இண்டைக்கும் அதை நம்பேல்லை. அக்கா, நீங்கள் இந்தத் துறையில இருக்கிறியள், ஆறு துண்டை வைச்சு முந்நூறு பேருக்கும் ஒரே காலம் எண்டு சொல்லேலுமோ?


காலர்போன் எழுதியது:

அண்ணா, அந்த லேபோட டேட்டிங்கை நான் சந்தேகப்பட மாட்டேன், கார்பன் டெஸ்ட் அந்த ஆறு எலும்புக்கு அந்த ஆறு விடையைச் சொல்லுது, அவ்வளவுதான். மீதி எலும்பும் அதே குழி, அதே மண்ணடுக்கா, ஒரே நேரத்துல போட்டதா, அப்புறம் யாராச்சும் மறுபடி தோண்டிப் போட்டதாங்கிறதைக் குழியைத் தோண்டுன ஆளுங்க எழுதி வச்ச குறிப்பும் படமும்தான் சொல்லணும். அதனாலதான் எங்க படிப்புல பாதி தொல்லியல்காரங்க வேலை, கரண்டியும் பிரஷ்ஷும் வச்சு விரக்கடை விரக்கடையா எடுக்குறது.

காலம் பத்திப் பேசுறதால இன்னொண்ணு சொல்றேன், தொண்ணூறடி தம்பிக்கும் உபயோகம். 1950கள்ல, 60கள்ல வல்லரசுங்க வானத்துல அணுகுண்டு வெடிச்சுப் பாத்தானுங்கல்ல, அப்ப காத்துல கார்பன் 14 (கதிர்வீச்சுள்ள ஒரு வகைக் கார்பன்) ஏறக்குறைய டபுள் ஆச்சு, 1963 வாக்குல உச்சம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா எறங்குது. பல்லு எனாமல் சின்ன வயசுல உருவாகி அப்படியே நிக்கிறதால அதுல இருக்குற அளவை வச்சு அந்த ஆளு எந்த வருஷம் வாக்குல பொறந்தவருன்னே நெருக்கிச் சொல்லலாம். நூறு வருஷத்துப் பழைய சுடுகாட்டு எலும்பா, நம்ம காலத்து ஆளான்னு பிரிக்க இதைவிட நல்ல வழி இல்ல. நம்ம போலீஸ் சாதாரண கேஸுக்கு இதெல்லாம் பண்ணுமான்னு கேட்டா, பண்ணாது.

நம்ம நாட்டுலயே நல்லா பண்ண வேலை ஒண்ணு இருக்கு, பஞ்சாப் அஜ்னாலா. 2014ல ஒரு பழைய கிணத்துலேருந்து குவியல் குவியலா எலும்பு எடுத்தாங்க. பிரிவினைல செத்தவங்கன்னு ஒரு கட்சி, 1857 கிளர்ச்சி சிப்பாய்ங்கன்னு ஒரு கட்சி. பல்லுலேருந்து டிஎன்ஏவும் ஐசோடோப்பும் (சாப்பாடும் தண்ணியும் பல்லுல விட்டுட்டுப் போற அடையாளம்) எடுத்துப் பாத்து, இவங்க பஞ்சாப் ஆளுங்களே இல்ல, கங்கைச் சமவெளிப் பக்கத்துலேருந்து வந்தவங்கன்னு 2022ல பேப்பர் போட்டாங்க, 26வது நேட்டிவ் இன்ஃபன்ட்ரி (பிரிட்டிஷ்காரங்க வச்சிருந்த இந்தியப் படை) சிப்பாய்ங்கன்னு சொன்ன கட்சிக்கு அது ஒத்துப்போச்சு. ஆனா பாருங்க, அந்தக் கிணத்தை ஊர்க்காரங்களே மம்பட்டி வச்சு அவசரமாத் தோண்டுனதால பாதி எலும்பு நொறுங்கிப் போச்சு. ஆர்வக் கோளாறு.


கோர்ட்_வராண்டா எழுதியது:

நான் வக்கீல், மும்பை செஷன்ஸ் கோர்ட்ல பதினஞ்சு வருஷத்துக்கு மேல பிராக்டிஸ். காலர்போன் அக்கா சொன்னது சயின்ஸ், நான் அந்த சயின்ஸ் கோர்ட் வாசப்படி ஏறுறப்ப என்ன ஆகும்னு சொல்றேன்.

எலும்பு கெடச்சா மொதல்ல லோக்கல் ஸ்டேஷன்ல ஏடிஆர் (விபத்து மரணப் பதிவு) போடணும், பஞ்சநாமா (சாட்சி முன்னாடி எழுதுற குறிப்பு) எழுதணும், சீல் வச்சு ஆஸ்பத்திரிக்கோ கலினா எஃப்எஸ்எல்லுக்கோ (அரசு தடயவியல் லேப்) அனுப்பணும். சீல் வச்சது யாரு, வாங்குனது யாரு, எந்தத் தேதி, எங்க வச்சிருந்தாங்க, இதுல ஒரு கண்ணி அறுந்தா டிஃபென்ஸ் லாயர் (அதுல பல நேரம் நானும் ஒருத்தன்) அதைத்தான் புடிச்சுத் தொங்குவான். ஷீனா போராங்கிற பொண்ணோட கொலை கேஸ் எல்லாருக்கும் தெரியும். 2012ல ராய்கட்ல பேண் பக்கத்துக் காட்டுல எரிஞ்சுபோன பாடியை ஊர் ஆளுங்க சொல்லிப் போலீஸ் வந்து பாத்துட்டு, கொஞ்சம் சாம்பிள் எடுத்துட்டு மீதியை அங்கயே புதைச்சுட்டாங்க, 2015ல விஷயம் வெடிச்ச பிறகுதான் மறுபடி தோண்டுனாங்க. அப்புறம் 2024ல அந்த எலும்பே காணோம்னு கோர்ட்ல சொல்லி, கொஞ்ச நாள்ல டெல்லி சிபிஐ ஆபீஸ்லயே இருக்குன்னு சொன்னாங்க. கேஸ் இன்னும் ஓடுது, அதனால யாரு பண்ணாங்கன்னு இங்க யாரும் ஆரம்பிக்காதீங்க. நாடே பாத்த கேஸுக்கு இந்தக் கதின்னா தாராவி நாலா ஓரத்துக் கோணிக்கு என்ன கதின்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

ஆனா பெருசு ஐயா மாதிரி நான் கை விரிக்க மாட்டேன். 1995 டெல்லி தந்தூர் கேஸ்ல (பொண்டாட்டியைக் கொன்னு தந்தூர் அடுப்புல எரிச்ச கேஸ்) மொத போஸ்ட்மார்ட்டத்துல குண்டே தெரியல, பாடி எரிஞ்சு கெடந்துச்சு, ரெண்டாவது போஸ்ட்மார்ட்டத்துல எக்ஸ்ரே எடுத்ததும் குண்டு தெரிஞ்சுது, கேஸே திரும்பிடுச்சு. ஒழுங்கா பாக்குற ஒரு ஆளு போதும்.

வெளிநாட்டு விஷயத்துல அர்ஜென்டினாதான் எங்களுக்கு லா காலேஜ்ல சொல்லிக் குடுத்தது. 1976லேருந்து 83 வரைக்கும் அங்க மிலிட்டரி ஆட்சி, ஆயிரக்கணக்குல ஆளுங்களைத் தூக்கிட்டுப் போய்க் காணாம அடிச்சானுங்க, மனித உரிமைக்காரங்க 30,000ங்கிறாங்க. ஆட்சி போனதும் அவசரமா புல்டோசர் வச்சு சுடுகாட்டைத் தோண்டுனாங்க, எலும்பெல்லாம் கலந்து நாசம். 1984ல கிளைட் ஸ்னோன்னு ஒரு அமெரிக்கக்காரரு போய், பெரிய டாக்டருங்களையெல்லாம் எதிர்பாக்காம காலேஜ் பசங்களைப் புடிச்சு ஒழுங்காத் தோண்டக் கத்துக் குடுத்தாரு. அந்தப் பசங்க டீம்தான் இன்னைக்கு உலகம் பூரா போய் இதே வேலை செய்யுது. 1985ல ஜெனரலுங்க மேல விசாரணை நடந்தப்ப ஸ்னோ கோர்ட்ல எலும்பு ஸ்லைடு போட்டுக் காமிச்சு சாட்சி சொன்னாரு. சண்டைல செத்தாங்கன்னு மிலிட்டரி சொன்ன ஆளுங்க பக்கத்துல வச்சு தலைல சுடப்பட்டவங்கன்னு. அந்த டிசம்பர்ல மிலிட்டரி ஆட்சித் தலைவரா இருந்த விடேலாவுக்கு ஆயுள் தண்டனை. எலும்பு மட்டும் உள்ள தள்ளலை, உயிரோட தப்பிச்சவங்க நூத்துக்கணக்குல வந்து சாட்சி சொன்னாங்க, ஆனா அவங்க பொய் சொல்றாங்கன்னு சொல்ல முடியாம பண்ணது எலும்பு.


தொண்ணூறடி_ரோடு எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு பேர் எழுதுவீங்கன்னு நெனைக்கல. அக்கா, நீங்க வீட்டுலேருந்து ஒண்ணு வரணும்னு சொன்னீங்களே, நேத்து ராத்திரி ஆச்சிகிட்டயும் அம்மாகிட்டயும் உக்காந்து கேட்டேன். பல் டாக்டர்கிட்ட மாமா போனதே இல்ல, எக்ஸ்ரேவும் இல்ல. ஆனா சின்னப் பையனா இருக்கையில ஊர்ல வேப்பமரத்துலேருந்து விழுந்து எடது கை ஒடஞ்சிருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போகாம நாட்டு வைத்தியர்தான் மூங்கில் பத்தை வச்சுக் கட்டிருக்காரு, அதுலேருந்து அந்தக் கை முழங்கைக்குக் கீழ லேசா வளைஞ்சே இருக்குமாம். மேல் வரிசைல முன்பல்லு ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கும். சிரிச்ச மாதிரி ஒரு ஃபோட்டோ இருக்கு, மாட்டுங்கால யாரோ கல்யாணத்துல எடுத்தது. இதெல்லாம் ஒரு ஆதாரமா? அப்புறம் ரத்தம்னா ஆச்சி ரத்தம்தான் வேணுமா, அவங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா எல்லாம் போச்சா? ப்ரைவேட் லேப்ல டெஸ்ட் எடுத்து வச்சிரலாமா?


காலர்போன் எழுதியது:

தம்பி, அந்த எடது கை பத்திச் சொன்னீங்களே, அது தங்கம். நாட்டு வைத்தியர் கட்டி வளைஞ்சு ஒட்டுன முன்கை எலும்புல ஒட்டுன எடத்துல முட்டுத் தட்டி, கோணம் மாறி, சாகுற வரைக்கும் அப்படியேதான் இருக்கும், செத்த பிறகும்தான். இருபது சொச்சம் ஆம்பள எலும்புக்கூடு ஒண்ணு எடது முன்கை இப்படி ஒட்டி, மேல்பல்லு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி வந்தா நான் உங்க கம்ப்ளெய்ன்ட்டைத்தான் மொதல்ல எடுப்பேன். 1993ல தாத்தா எழுதிக் குடுத்த கம்ப்ளெய்ன்ட்டுல கை விஷயம் இருக்கா பாருங்க. நெறம் மாநிறம், உயரம் அஞ்சரை, கட்டம் போட்ட சட்டைன்னு மட்டும்தான் பெரும்பாலும் எழுதியிருப்பாங்க. இல்லன்னா இப்ப அம்மா பேர்ல ஒரு மனு எழுதி, பழைய கம்ப்ளெய்ன்ட் நம்பரைப் போட்டு, கை, பல்லு, எந்த வயசுல விழுந்தாரு, எந்த ஊரு வைத்தியரு எல்லாத்தையும் சேத்து அதே ஸ்டேஷன்ல குடுத்து சீல் போட்ட காப்பி வாங்குங்க. மார்க் ஒண்ணும் இல்லன்னு நெனச்சு வீட்டுல சொல்லாம விடுறதுதான் பெரும்பாலும் எங்களுக்கு வேணுங்கிறது.

ரத்தம் பத்தி. ஆச்சி பெத்த அம்மாங்கிறதால அவங்கதான் பெஸ்ட், பாதி டிஎன்ஏ நேரா அவங்ககிட்டேருந்து போனது. ஆனா அவங்களுக்கு அப்புறம் எல்லாம் போச்சுன்னு இல்ல. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏன்னு ஒண்ணு, அது அம்மா வழியா மட்டும்தான் எறங்கும். ஆச்சிகிட்ட இருக்குறது மாமாகிட்டயும் இருக்கும், உங்க அம்மாகிட்டயும் இருக்கும், உங்ககிட்டயும் அதே தான் இருக்கு. மாமாவுக்குப் புள்ள இருந்திருந்தா கூட அந்தப் புள்ளகிட்ட இருக்காது. பழைய எலும்புல மத்த டிஎன்ஏ கெட்டுப் போனாலும் இது ஒரு செல்லுல நெறைய காப்பி இருக்குறதால தாக்குப் புடிக்கும். அதுக்காக அது ஒண்ணு பொருந்துனா போதும்னு நெனைக்காதீங்க, ஒரே தாய்வழில இருக்குற எல்லாருக்கும் அதேதான், அதனால கை, பல்லு, வயசு எல்லாம் சேந்து நிக்கணும். அம்மா கூடப்பொறந்தவங்க வேற யாராச்சும் இருந்தா அவங்க சாம்பிளும் சேத்தா பலம்.

போஸ்னியால ஸ்ரெப்ரெனிகான்னு ஒரு ஊரு, 1995 ஜூலைல எட்டாயிரம் ஆம்பளைங்களையும் பசங்களையும் கொன்னு புதைச்சானுங்க. அப்புறம் மாட்டிக்குவோம்னு புல்டோசர் வச்சுக் குழிய மறுபடி தோண்டி வேற எடத்துல போட்டதால ஒரே ஆளோட எலும்பு மூணு நாலு குழில கெடந்துச்சு. அங்க துணிமணி, ஃபோட்டோ எதுவும் வேலைக்கு ஆகல. சொந்தக்காரங்க இருபதாயிரம் பேருக்கு மேல ரத்தம் குடுத்தாங்க, ஒவ்வொரு எலும்பையும் அதோட ஒப்பிட்டு இன்னைக்கு ஏழாயிரம் பேருக்குப் பக்கம் பேரோட அடக்கம் பண்ணியாச்சு. எந்தக் குழிலேருந்து எந்தக் குழிக்கு மாத்துனாங்கன்னு அந்த எலும்பே காட்டுனதால ஹேக்ல இருந்த சர்வதேச கோர்ட்ல அது திட்டம் போட்ட மூடிமறைப்புன்னு நிரூபிக்க முடிஞ்சுது.

நம்ம நாட்டுல அப்படி ரத்தத்தைக் குடுத்து வைக்க ஒரு எடம் இல்ல, அதுதான் என் வயித்தெரிச்சல். காணாம போனவங்க குடும்ப டிஎன்ஏவையும் அடையாளம் தெரியாத பாடி டிஎன்ஏவையும் ஒரே எடத்துல வச்சு ஒப்பிட ஒரு மசோதா 2019ல லோக்சபால வந்துச்சு, 2023ல வாபஸ் வாங்கிட்டாங்க. அதுல பிரைவசி பத்தி நெறைய பேர் சொன்ன பயம் நியாயமான பயம்தான், ஆனா குற்றவாளி லிஸ்ட்டைத் தனியா வச்சுட்டுக் காணாம போனவங்களுக்கு மட்டுமாச்சும் ஒண்ணு ஆரம்பிச்சிருக்கலாம். இப்ப நெலமை என்னன்னா திருநெல்வேலில கம்ப்ளெய்ன்ட் இருக்கும், பாடி மும்பை ட்ராக்ல கெடக்கும், ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாக்கவே பாக்காது.

ப்ரைவேட் லேப்ல காசைக் கொட்டாதீங்க. நாளைக்கு எதாவது வந்தா போலீஸ் மறுபடி சாட்சி வச்சு சாம்பிள் எடுத்து எஃப்எஸ்எல்லுக்குத்தான் அனுப்புவாங்க, உங்க ரிப்போர்ட்டைக் கோர்ட் எடுத்துக்காது. ஆச்சி சாம்பிளை மட்டும் இப்பவே எடுத்து வைக்கணும்னு மனுல ஒரு வரி கேட்டுப் பாருங்க, கார்டுல ரத்தத்தைக் காய வச்சா சாதாரண ரூம்லயே பல வருஷம் இருக்கும், பெரிய செலவு இல்ல. மாட்டேன்னு சொன்னா அதையும் எழுத்துல வாங்குங்க, வராண்டா சார் அதுக்கு அப்புறம் வழி சொல்லுவாரு.


கோர்ட்_வராண்டா எழுதியது:

கண்டிப்பா. தம்பி, கம்ப்ளெய்ன்ட் காப்பியை ஃபோட்டோ எடுத்து எனக்குத் தனி மெசேஜ்ல அனுப்புங்க, இங்க பொதுவுல போடாதீங்க, பேரு அட்ரஸ் எல்லாம் இருக்கும். பெருசு ஐயா சொன்ன 168 லிஸ்ட்ல பேரு இருக்கான்னு நானும் பாக்குறேன், அது வேற ரூட்டு, எலும்புக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. நாலா ஓரத்துல எடுத்த எலும்புக்கு ஏடிஆர் நம்பர் என்னன்னு ஸ்டேஷன்ல கேளுங்க, நம்பர் இருந்தா ரிப்போர்ட் வந்துச்சான்னு ஆர்டிஐ போடலாம்.


தொண்ணூறடி_ரோடு எழுதியது:

அனுப்பிட்டேன் சார். ட்ரங்கு பெட்டில பேப்பர் கெடச்சிடுச்சு, மடிச்ச எடத்துல கிழிஞ்சிருக்கு, ஸ்டேஷன் சீல் தெரியுது. கை பத்தி ஒரு வார்த்தை இல்ல அக்கா, நீங்க சொன்ன மாதிரியே நெறம், உயரம், சட்டை மட்டும்தான். திங்கக்கிழமை லீவு போட்டு அம்மாவைக் கூட்டிட்டுப் போறேன். அந்தக் கல்யாண ஃபோட்டோ ஓரம் பூஞ்சை புடிச்சிருக்கு, லேமினேட் பண்ணி எடுத்துட்டுப் போகவா?


காலர்போன் எழுதியது:

ஐயோ லேமினேட் பண்ணிராதீங்க, சூடு பட்டா படம் போயிரும், பளபளப்புல பல்லு ஓரமும் சரியா விழாது. ஈரம் இல்லாத எடத்துல பேப்பர் கவர்ல வைங்க, பிளாஸ்டிக் வேண்டாம். நல்ல ஸ்கேனர் இருக்குற கடைல அதிகபட்ச ரெசல்யூஷன்ல ஸ்கேன் பண்ணச் சொல்லுங்க, டச்சப் எதுவும் பண்ணக் கூடாதுன்னு மொதல்லயே சொல்லிருங்க, அவனுங்க பாட்டுக்குப் பல்லைச் சரி பண்ணி வச்சிருவானுங்க. ஸ்டேஷனுக்குப் பிரிண்ட் மட்டும் குடுங்க, ஒரிஜினல் உங்ககிட்டயே இருக்கட்டும்.